நீச்சல் குளத்தைச் சூடாக்க கேஸ் ஹீட்டரா, ஹீட் பம்பா?

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டில் 7 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட குளமும், அதை ஒட்டி 1,500 லிட்டர் ஸ்பாவும் (வெந்நீரில் அமர்ந்து குளிக்கும் தொட்டி), இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழைய கேஸ் ஹீட்டரும் இருந்தன. மூன்றாம் ஆண்டில் ஹீட்டருக்குள் இருந்த செப்புக் குழாய் அரித்துப்போய், ஸ்பாவின் படிகளில் நீலப்பச்சைக் கறை படியத் தொடங்கியது. அதே வகையில் புதிது வாங்குவதா, வெளிக்காற்றின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் மின்சார ஹீட் பம்புக்கு மாறுவதா என்று அப்போது முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஹீட் பம்பை வாங்கி இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கிடையாது என்பதால், இந்தக் கேள்வி பெரும்பாலும் எங்களைப் போல் பழைய வீடுகளில் இருப்போருக்கே உரியது.

வேகத்தில் கேஸ்தான் முந்தும். 15 டிகிரியில் இருக்கும் ஸ்பா நீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 138 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மணிக்கு 250 மெகாஜூல் எரிக்கும் கேஸ் ஹீட்டர் அதை முக்கால் மணி நேரத்திற்குள் முடித்துவிடும். எங்கள் 17 கிலோவாட் ஹீட் பம்புக்கு வெயில் காலத்தில் இரண்டேகால் மணி நேரமும், ஜூலைக் குளிரில் நான்கு மணி நேரம் வரையிலும் ஆகிறது. மாலையில் விருந்தினர் வந்த பிறகு ஸ்பாவைச் சூடாக்கலாம் என்று நினைப்பவருக்கு இது பெரிய குறைதான்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது செலவு; அதிலும் குறிப்பாக, எந்த நேரத்து மின்சாரத்தைப் பயன்படுத்துகிறோம் என்பது. எங்கள் குளத்தில் சுமார் 40,000 லிட்டர் நீர் இருக்கிறது. அதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 46 யூனிட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் தேவை (ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல்). 85 விழுக்காடு திறனுள்ள கேஸ் ஹீட்டர் இதற்காக 197 மெகாஜூல் எரிக்கும். நாங்கள் கட்டிவந்த கட்டணத்தின்படி அது கிட்டத்தட்ட 8 டாலர். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து நீருக்கு மாற்றுகிறது. அதனால் இதமான நாளில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஐந்து யூனிட் வெப்பம் கிடைக்கிறது. அதே ஒரு டிகிரிக்கு 9 யூனிட் சொச்சம் போதும். யூனிட்டுக்கு 28 சென்ட் என்றால் 2 டாலர் 60 சென்ட்.

கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் கணக்கு இன்னும் மாறும். 2024-25இல் விக்டோரியாவில் நாம் மின்கட்டமைப்புக்கு விற்கும் மின்சாரத்திற்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச விலை யூனிட்டுக்கு 3.3 சென்ட்டாகத்தான் இருந்தது. நண்பகலில் அந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இரவில் 28 சென்ட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஹீட் பம்ப் காலை பத்தரை முதல் பிற்பகல் மூன்று வரை மட்டும் ஓடும்படி டைமர் வைத்திருக்கிறோம். அந்த விலைப்படி, மேகமில்லாத நாளில் ஒரு டிகிரிக்கு விற்பனையில் நாங்கள் இழந்தது ஏறத்தாழ 31 சென்ட். நாற்பதாயிரம் லிட்டர் நீர் அந்தச் சூட்டை இரவு முழுவதும் வைத்திருப்பதால், குளமே ஒரு சேமிப்புக் கிடங்காகிவிடுகிறது. மேலே மூடுவிரிப்பு இருந்தால்தான் இது நடக்கும். காற்றடிக்கும் நாளில் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் ஆவியாகிக் குறைந்தாலே இரண்டு டிகிரி போய்விடும். விரிப்பு வாங்காமல் எந்த ஹீட்டர் வாங்கினாலும் பணம் வீண்.

எங்கள் அடுப்பும் வீட்டு ஹீட்டரும் ஏற்கெனவே மின்சாரத்துக்கு மாறியிருந்தன. குளத்துக்காக மட்டும் கேஸ் இணைப்பை வைத்திருந்ததால், பற்றவைக்காத நாளுக்கும் தினக்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம். இணைப்பைத் துண்டித்ததும் அதுவும் நின்றது.

பராமரிப்பைப் பொறுத்தவரை, ஹீட் பம்புக்குள் இருக்கும் டைட்டானியக் குழாய் குளோரினுக்கு எளிதில் அரிக்காது என்பது நிம்மதி. முதல் வாரத்தில் அதன் அடியில் நீர் தேங்கியதைக் கண்டு கசிவோ என்று பயந்துபோனேன். குளோரின் சோதனைத் தாளை அந்த நீரில் நனைத்தபோது அது நிறம் மாறவில்லை. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டிய நீர்தான் அது. சத்தம் கேஸ் ஹீட்டரைவிட அதிக நேரம் கேட்கும் என்பதால், அண்டை வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது.

ஸ்பாவை மட்டும், அதுவும் மாதத்தில் ஓரிரு முறை மட்டும் பயன்படுத்துபவர், வீட்டில் கேஸ் இணைப்பு வேறு தேவைகளுக்கும் இருக்குமானால், கேஸ் ஹீட்டரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. கம்பிச்சுருள் சூடேறி நீரை நேரடியாகச் சூடாக்கும் மின்ஹீட்டரை இவ்வளவு பெரிய குளத்துக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும்.

நாங்கள் குளத்தை அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே சூடாக்குகிறோம். குளிர்காலத்தில் ஸ்பா மட்டும்தான். ஆகவே ஆண்டு முழுவதும் நீந்த விரும்புவோர் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் திறன் பெரும்பாலும் 26, 27 டிகிரி காற்றில் அளந்தது. காற்று 10 டிகிரியில் இருக்கும்போது அதே கருவி எத்தனை கிலோவாட் வெப்பம் தரும் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.