சினிமாவைப் பற்றிய ஆவணப்படங்கள்: ஐந்து வருடம் பார்த்தபின் சொல்கிறேன்

2020 லாக்டவுனில் தொற்றிய பழக்கம் இது. கேரள எல்லையில் உள்ள எங்கள் களியக்காவிளையில் கடையை அடைத்துப் போட்டிருந்த மாதங்களில் தியேட்டரில் புதுப்படம் எதுவும் வராததால், சினிமாக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் பற்றி எடுத்த ஆவணப்படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் கடை திறந்தது, தியேட்டரும் திறந்தது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது கதைப்படத்தைவிட இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வீட்டிலும் ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் படத்துக்குப் பஞ்சமே கிடையாது. மலையாளம் ஒரு கண், தமிழ் ஒரு கண் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். தெரியாமல் இருந்ததெல்லாம் படம் எடுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான். மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி 2019 டிசம்பரில் கேரள அரசிடம் கொடுத்த ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பெரிய பெயர்கள் யார் யார் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. என் சித்தி மட்டும், துணி மாற்ற இடமில்லை, கழிப்பறை இல்லை என்று வந்த பகுதியைப் பேப்பரில் இரண்டு தடவை வாசித்தார். "இத்தன கோடி போட்டு எடுக்கியானுவ, ஒரு கக்கூசு கட்ட முடியாதா?" என்று கேட்டார். அதே வருடம் அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகளில் நடந்த கொடுமைகளைப் பற்றி 'கொயட் ஆன் செட்' வந்தது. சித்தி அதை ஒரே மூச்சில் பார்த்தார். ஆங்கிலம் சரியாகப் புரியாது, நான் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லப் பார்த்தார். இந்தப் படங்களுக்கு ஏன் இவ்வளவு ஆள் சேர்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சித்தி முகம்தான் ஞாபகம் வரும்.

ஆனால் எல்லாமே அப்படி இல்லை. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் புகழ்மாலைதான். சோபாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்கிறார்கள், நடுநடுவே ட்ரோன் காட்சி, ஒரு மணி நேரத்துச் சரக்கை மூன்று எபிசோடாக இழுக்கிறார்கள். கேமரா முன்னால் வரவே வராத இந்தித் தயாரிப்பாளர் ஆதித்யா சோப்ராவே பேசினார் என்பதற்காக, அவர்களது யஷ் ராஜ் பிலிம்ஸ் கம்பெனியைப் பற்றிய 'தி ரொமான்டிக்ஸ்' படத்தை 2023-ல் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, ரசித்தேன். ஆனாலும் அது அவர்கள் கம்பெனியே எடுத்தது. கசப்பான எதையும் ஆழமாகத் தொடவில்லை என்று இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் உறைத்தது. சுதந்திரமாக எடுப்பதும் சுலபம் இல்லைதான். நயன்தாரா ஆவணப்படத்தில் வந்த, தனுஷ் தயாரித்த ஒரு படம் சம்பந்தப்பட்ட 3 விநாடிக் காட்சிக்காக 2024-ல் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பழைய காட்சி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது.

ஐந்து வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை எல்லாம் வேலையைக் காட்டுகிற படங்கள். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு 1969 ஜனவரியில் பாட்டுப் போட உட்கார்ந்ததை அப்போதே 60 மணி நேரத்துக்குப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் கிட்டத்தட்ட 8 மணி நேரத்துக்குத் தொகுத்த 'கெட் பேக்' 2021-ல் வந்தது. அதில் ஓர் இடம். ஜான் லெனன் இன்னும் வரவில்லை. பால் மெக்கார்ட்னி கிதாரை வைத்துக்கொண்டு சும்மா டொக்கு டொக்கென்று தட்டுகிறார், எதிரே இருப்பவர் கொட்டாவி விடுகிறார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாட்டு அங்கே உருவாகி வருகிறது. அந்தச் சில நிமிடங்களை எத்தனை தடவை ஓடவிட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

இன்னொன்று 'செல்லுலாயிட் மேன்'. புனேயில் 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயரைப் பற்றிய படம், சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்தது. நாயர் திருவனந்தபுரத்துக்காரர், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். இந்தியாவில் எடுத்த சுமார் 1,700 மௌனப் படங்களில் மிஞ்சியது 9 என்கிறது படம். பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய பிலிமைக் கரைத்தவர்கள் உண்டு. எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் வரும் என்று அந்த மனிதர் மனப்பாடமாகச் சொல்வார்.

இதை என் தாய்மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு தியேட்டரில் 28 வருடம் ஆபரேட்டராக இருந்தவர். பாதியில் நிறுத்தச் சொன்னார். பிலிம் அறுந்தால் பிளேடால் மேல்பூச்சை எப்படிச் சுரண்டுவது, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி இரண்டு விரலால் எவ்வளவு நேரம் அழுத்துவது என்று வெறும் கையில் செய்து காட்டினார். விரல் நடுங்கியது, ஆனால் அளவு தப்பவில்லை. "மக்களே, ரீலு முடியப்போற நேரம் வலது மூலையில புள்ளி விழுந்தா அடுத்த மெஷின ஓட விடணும். அந்தப் புள்ளிய பாக்கப் பழகினவனுக்கு மிச்ச படம் கண்ணுல விழாது" என்றார். இருபத்தெட்டு வருடம் படம் ஓட்டியவர் ஒரு படத்தையும் நிம்மதியாகப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரத்தில் 1975-ல் இறந்தார் ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவர். சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்' படத்தில் இன்று ஒரு பிரேம் கிடையாது. அதில் உயர்சாதிப் பெண்ணாக நடித்ததற்காகவே தலித் நடிகை பி.கே. ரோசி ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் எப்படிப் பிழைத்தது என்றால், அதற்கு மூலமான நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டு ஓட்டத்தை நிறுத்தியதால் பிரிண்ட் அவர்களிடமே தங்கிவிட்டது, பிறகு புனே காப்பகத்துக்குப் போனது. ஓடியிருந்தால் தேய்ந்தே அழிந்திருக்கும்.

இவற்றைப் பார்க்க ஓடிடி சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இதற்காக மட்டும் வருடச் சந்தா வேண்டாம். ஒரு மாதத்துக்குக் கட்டி, வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். தமிழ் வசனவரி பல படங்களில் இல்லை, சித்தி மாதிரி ஆட்களுக்கு அது பெரிய இடைஞ்சல். மாமா இன்னும் 'செல்லுலாயிட் மேன்' மீதிப் பாதியைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், போனில் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை அவர் கையைப் படம்பிடிக்க வேண்டும்.