யூரோ 2024ல ஜெர்மனிய சுத்துனது: ஐசிஇயா, 49 யூரோ டிக்கெட்டா, பஸ்ஸா, காரா?

2024 யூரோ கால்பந்து போட்டி முடிஞ்சு ஸ்பெயின் கப்பை தூக்கிட்டு போயி எவ்வளவோ நாளாச்சு, ஆனா எங்க குரூப்ல ஒரு பஞ்சாயத்து மட்டும் இன்னும் முடியல. யாரு போன வழி சரின்னு. நாங்க ஷ்டுட்கார்ட்ல வேலை பாக்கற மூணு பேரு, பெர்லின்ல ஒருத்தன். டிக்கெட் குலுக்கல்ல எங்களுக்கு விழுந்தது ரெண்டு மேட்ச், ரெண்டும் ஜார்ஜியா ஆடுனது: ஜூன் 18 டோர்ட்முண்ட்ல துருக்கியோட, ஜூன் 26 கெல்சன்கிர்ஷன்ல போர்ச்சுகலோட. ஜார்ஜியாவுக்கு அதுதான் முதல் பெரிய டோர்னமெண்ட், எங்களுக்கும் அதுதான். நாலு பேரும் ஆளுக்கு ஒரு வழியா போனோம், அதனாலதான் இவ்வளவு வாய் பேச முடியுது.

முதல்ல ஊரோட அமைப்பு புரியணும், இல்லன்னா எந்த டிக்கெட்டும் புரியாது. மொத்தம் 10 ஊர்ல மேட்ச். அதுல கொலோன், டுசல்டோர்ஃப், கெல்சன்கிர்ஷன், டோர்ட்முண்ட் நாலும் மேற்குல ஒரே கொத்தா கெடக்கு, கொலோன்ல இருந்து டோர்ட்முண்ட் 100 கிலோமீட்டர் கூட வராது. மிச்சம் இருக்கற மியூனிக், ஷ்டுட்கார்ட், ஃபிராங்ஃபர்ட், ஹாம்பர்க், பெர்லின், லைப்சிக் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தூரம். டீம்களையும் முடிஞ்ச வரைக்கும் பக்கத்து பக்கத்து ஊர்ல ஆடற மாதிரிதான் பிரிச்சு விட்டிருந்தாங்க, ஆனா நெதர்லாந்து ரசிகன்கிட்ட அதை சொல்லிப்பாருங்க, குரூப் மேட்ச்லயே ஹாம்பர்க், லைப்சிக், பெர்லின்னு சுத்திட்டு அப்புறம் மியூனிக், திரும்ப பெர்லின், கடைசியா செமிஃபைனலுக்கு டோர்ட்முண்ட்.

சரி, ஐசிஇ, அதாவது ஜெர்மனியோட தொலைதூர ஸ்பீட் ரயில். மேட்ச் டிக்கெட் வச்சிருந்தா ஃபேன் டிக்கெட்னு ஒண்ணு அப்ப ஒரு ட்ரிப்புக்கு 29.90 யூரோ, எவ்வளவு தூரமா இருந்தாலும், ஃபர்ஸ்ட் கிளாஸ்னா 39.90. எங்க ரூம்மேட் இதைத்தான் எடுத்தான். ஷ்டுட்கார்ட்ல இருந்து டோர்ட்முண்ட் மூணரை மணி நேரம் சொச்சம். மியூனிக்–பெர்லின் ஸ்பிரிண்டர்னா, அதாவது நடுவுல கம்மியா நிக்கற ஐசிஇன்னா, 4 மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அதை கார்ல யாராலயும் அடிச்சுக்க முடியாது. உள்ள டேபிள், சார்ஜர், டைனிங் கார். ஆனா சீட் இதுல சேராது, சீட் ரிசர்வேஷனுக்கு தனியா 5 யூரோ கிட்ட கட்ட வேண்டியிருந்துச்சு. ரூம்மேட் அந்த 5 யூரோவ மிச்சம் புடிக்கறேன்னு கதவு பக்கத்துல தன் பைமேலயே உக்காந்து வந்தான், சுத்தி ஃபுல்லா துருக்கி ஜெர்சி, பாட்டு, செம ஜாலியா இருந்துச்சுன்னு சொல்றான், ஆனா திரும்பி வரும்போது ரிசர்வ் பண்ணிட்டுதான் வந்தான், அதை மட்டும் சொல்ல மாட்டான்.

ஐசிஇல பெரிய தலைவலி நேரம். ஜெர்மன் ரயில்னா கடிகாரம் மாதிரின்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அதை முதல்ல மறந்துடுங்க. 2024 முழுசுக்கும் டாய்ச்ச பான்ங்கற ஜெர்மன் ரயில்வே கம்பெனியோட தொலைதூர ரயில்ல சரியான நேரத்துக்கு வந்தது 62.5 சதவீதம்தான், அதுவும் 6 நிமிஷத்துக்குள்ள லேட்டுன்னா அதையும் கரெக்ட் டைம்னு சேத்துக்கிட்ட கணக்கு. டோர்னமெண்ட் டைரக்டர் பிலிப் லாமே ரயில்ல வந்து டுசல்டோர்ஃப்ல ஸ்லோவாக்கியா–உக்ரைன் மேட்ச் ஆரம்பத்தை கோட்டை விட்டாரு. நெதர்லாந்து டீம் செமிஃபைனலுக்கு வுல்ஃப்ஸ்பர்க்ல இருந்து டோர்ட்முண்ட் வர வேண்டிய ரயில் கேன்சல் ஆகி பிளைட் புடிச்சு வந்தாங்க. போட்டிய நடத்தறவருக்கும் ஆடறவங்களுக்குமே இந்த கதின்னா நம்ம எம்மாத்திரம். ஒரு ஆறுதல் என்னன்னா, போய்ச் சேர 60 நிமிஷம் லேட்டானா டிக்கெட் காசுல கால்வாசி, 120 நிமிஷம் ஆனா பாதி திரும்ப வரும், அதோட 20 நிமிஷத்துக்கு மேல லேட்டாகும்னு தெரிஞ்சாலே நம்ம டிக்கெட்ல எழுதியிருக்கற ரயில்தான்னு இல்லாம வேற ரயில்லயும் ஏறிக்கலாம். இந்த ரெண்டாவது விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, பிளாட்ஃபாரத்துலயே பரிதாபமா நிப்பாங்க.

பெர்லின்காரன் கதை வேற. அவன் யாழ்ப்பாணத்து பையன், அவனோட மாமா ஹாம்ல இருக்கார், டோர்ட்முண்ட்டுக்கு கொஞ்சம் தள்ளி. காமாட்சி அம்பாள் கோயில் இருக்கற அதே ஹாம்தான், 2002ல கட்டி முடிச்ச பெரிய கோபுரம், ஐரோப்பா பூரா இருந்து தமிழ் ஆளுங்க தேருக்கு வருவாங்க. ரயில்காரங்களுக்கு ஹாம்னா வேற ஒரு விஷயம் ஞாபகம் வரும், பெர்லின்ல இருந்து வர்ற ஐசிஇ பலதும் அங்கதான் ரெண்டா பிரியும், ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன், டுசல்டோர்ஃப்னு போகும், இன்னொரு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியா கொலோன் போயிடும். நம்மாளு முன்னாடி பெட்டில கூட்டம்னு பின்னாடி பெட்டிக்கு மாறி உக்காந்து, ஹெட்போன மாட்டி தூங்கிட்டான். ஹாம்லயும் இறங்கல. முழிச்சு பாத்தா ஹாகன். அங்க இருந்து லோக்கல் ரயில் புடிச்சு டோர்ட்முண்ட் வர்றதுக்குள்ள பயபுள்ள மழைல தொப்பலா நனைஞ்சிட்டான். அன்னைக்கு மழைன்னா மழை, ஸ்டேடியம் கூரைல இருந்தே அருவி மாதிரி கொட்டுச்சு, அதை டிவில பாத்திருப்பீங்க. கோச் நம்பரையும் அது எங்க போகுதுங்கறதையும் பாத்து உக்காருங்கப்பா, வேற என்ன சொல்ல.

அடுத்தது 49 யூரோ டிக்கெட், டாய்ச்லாண்ட் டிக்கெட்டுங்கறது. இது நான் எடுத்தது. அப்ப மாசம் 49, நாடு முழுக்க லோக்கல் ரயில், எஸ்-பான்ங்கற நகர ரயில், சப்வே, டிராம், டவுன் பஸ் எல்லாம் அடக்கம், ஐசிஇ, ஐசி மாதிரி தூரத்து ரயில் மட்டும் கிடையாது. (இப்ப 49 இல்ல, 2025ல 58 ஆக்கி, 2026ல 63 ஆக்கிட்டாங்க.) கேக்கும்போது அடிச்சுது லக்கி பிரைஸ்னு தோணும். நானும் வீராப்பா ஷ்டுட்கார்ட்ல இருந்து டோர்ட்முண்ட் வரைக்கும் லோக்கல் ரயில்லயே போறேன்னு கிளம்பிட்டேன். 7 மணி நேரத்துக்கு மேல, மாறி மாறி. மைன்ஸ்ல இருந்து கோப்லென்ஸ் வரைக்கும் ரைன் ஆத்தை ஒட்டியே ரயில் போகும், ரெண்டு பக்கமும் மலை, மலைமேல பழைய கோட்டை, லோரலை பாறை, சத்தியமா அந்த ஒரு துண்டுக்காக மட்டும் நான் திரும்பவும் போவேன். ஆனா அதுக்கப்புறம் இருக்கற மூணு மணி நேரம் முதுகு போச்சு, சாயங்காலம் 6 மணி மேட்ச்சுக்கு காலங்காத்தால கிளம்பி வந்து சேரும்போது பாதி உசுர்தான் மிச்சம். ரூம்மேட் எனக்கு ரொம்ப பின்னாடி கிளம்பி எனக்கு முன்னாடி போய் சாப்பிட்டுட்டு இருக்கான்.

ஆனா மேற்கு பக்கம் இறங்கிட்டீங்கன்னா கதையே மாறிடும். ஆர்இ1னு ஒரு ரயில், கொலோன், டுசல்டோர்ஃப், எஸ்ஸன், டோர்ட்முண்ட் எல்லாத்தையும் தொட்டுட்டு ஹாம் வரைக்கும் போகும். ஆர்இ3 டுசல்டோர்ஃப்ல ஆரம்பிச்சு கெல்சன்கிர்ஷன், டோர்ட்முண்ட் வழியா அதே ஹாம். ரெண்டு ரயில், நாலு ஸ்டேடியம்! மாமா வீட்ல படுத்துக்கிட்டு தினமும் ஒரு ஊருக்கு போகலாம், மேட்ச் டிக்கெட் இல்லன்னாலும் ஃபேன் ஸோன்ல பெரிய ஸ்கிரீன்ல பாக்கலாம், டிக்கெட் கவுண்டர் பக்கமே போக வேணாம். நான் அந்த வாரம் நாலு ஊரையும் பாத்துட்டேன், தனித்தனியா எடுத்திருந்தா 49 எந்த மூலைக்கு. ரெண்டு விஷயத்துல மட்டும் உஷாரா இருக்கணும். ஒண்ணு, இது மாச கணக்கு, டோர்னமெண்ட் ஜூன் 14ல இருந்து ஜூலை 14 வரைக்கும், அதனால முழுசா சுத்துனா ரெண்டு மாசம், 98 யூரோ. ரெண்டு, இது சந்தா, அந்த மாசம் 10ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலன்னா அடுத்த மாச காசும் போகும். நான் மறந்தேனான்னு கேக்காதீங்க.

இன்னொண்ணு, அந்த யூரோல மேட்ச் டிக்கெட்டே ஒரு பாஸ் மாதிரி. மேட்ச் அன்னைக்கு காலைல 6 மணில இருந்து மறுநாள் சாயங்காலம் 6 வரைக்கும், 36 மணி நேரம், அந்த ஊர் சுத்துவட்டார லோக்கல் வண்டி எல்லாம் ஃப்ரீ. ஒரே ஒரு மேட்ச் பாக்க வர்றவன் ஐசிஇ ஃபேன் டிக்கெட்டோட இதை சேத்துக்கிட்டாலே போதும், 49ம் வேணாம் ஒண்ணும் வேணாம்.

பஸ். எங்க மூணாவது ஆளு, மலையாளி, பச்சை கலர் ஃபிளிக்ஸ்பஸ் மாதிரி இருக்கற தூரத்து பஸ் ஒண்ணுல வந்தான். காசு கம்மி, முன்னாடியே புக் பண்ணா ஐசிஇ ஃபேன் டிக்கெட்டை விடவும் கம்மி. டிராஃபிக்ல மாட்டுனா அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை மதியம் ஆட்டோபான்ல, அதாவது ஹைவேல, என்ன நடக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும். நாங்க எல்லாம் சேந்து கிண்டல் பண்ணோம். ஆனா பஸ்ஸுக்கு ஒரு பலம் இருக்கு, ராத்திரில ஓடும். ராத்திரி 9 மணி மேட்ச் முடிய 10:50 ஆகும், ஸ்டேடியத்துல இருந்து ஸ்டேஷன் வர்றதுக்குள்ள ஊருக்கு போற கடைசி ஐசிஇ போயிருக்கும், அப்ப நைட் பஸ்ல ஏறி தூங்கிட்டா ஹோட்டல் காசும் மிச்சம். பெர்லின் மேட்ச்னா இன்னும் வசதி, தூரத்து பஸ் ஸ்டாண்டே ஒலிம்பியா ஸ்டேடியம் இருக்கற பக்கம்தான். 25 வயசு முதுகு இருக்கறவங்களுக்கு நல்ல வழி. எனக்கு இல்ல.

பிளைட் பத்தி ரெண்டே வரி. ஹாம்பர்க்–மியூனிக், ஹாம்பர்க்–ஷ்டுட்கார்ட் மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் போறதுன்னா யோசிக்கலாம், மத்தபடி மியூனிக் ஏர்போர்ட் போகவே எஸ்-பான்ல 40 நிமிஷம், செக்கிங், காத்திருப்புன்னு கூட்டுனா ஸ்பிரிண்டர் ரயிலுக்கு சமமாயிடும்.

இந்த எல்லாத்துக்கும் நடுவுல மாமா சொன்னது ஒண்ணுதான் எனக்கு சரியா பட்டுச்சு. முதல் மேட்ச் அன்னைக்கு ராத்திரி நாங்க நாலு பேரும் அவர் வீட்டு சாப்பாட்டு மேசைல இதே சண்டை போட்டுட்டு இருக்கும்போது புட்டு வச்சுக்கிட்டே சொன்னாரு, "தம்பி, போறதுக்கு ஆயிரம் வழி கிடக்கு, திரும்பி வாறதுக்குத்தான் யோசிக்கோணும்." எல்லாரும் போற செலவை மட்டும் கணக்கு போடறோம், மேட்ச் எத்தனை மணிக்கு முடியுதுன்னு பாத்து வண்டிய முடிவு பண்றதில்ல. 3 மணி மேட்ச்சா, எந்த வண்டின்னாலும் ராத்திரிக்குள்ள வீட்டுக்கு போயிடலாம். 6 மணி மேட்ச்சா, கொஞ்சம் டவுட்டு. 9 மணி மேட்ச்சா, பக்கத்துல படுக்க இடம் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி, டிக்கெட் விலை எல்லாம் அப்புறம்.

அதுக்கு நல்ல உதாரணம் எங்க ரெண்டாவது மேட்ச், புதன்கிழமை ராத்திரி 9 மணி, கெல்சன்கிர்ஷன். இந்த ஊரு ஸ்டேடியத்துக்கு 302 டிராம்தான் பிரதானம். அதுக்கு பத்து நாள் முன்னாடி இங்கிலாந்து–செர்பியா முடிஞ்சப்ப அந்த கூட்டத்தை தாங்க முடியாம ரசிகருங்க மணிக்கணக்கா நின்னு நியூஸ் ஆச்சு. அதை பாத்து பயந்துதான் மலையாளியும் ரூம்மேட்டும் இந்த தடவை வாடகை கார் எடுத்தாங்க, ஆபீஸ்ல இருந்து இன்னும் ரெண்டு பேரை சேத்துக்கிட்டு. பெட்ரோல் லிட்டர் 1.80 யூரோ பக்கம், ஆட்டோபான்ல டோல் கிடையாது, நாலா பிரிச்சா நிஜமாவே மலிவு, அதை நான் ஒத்துக்கறேன். ஆனா வழி? மேப்ல பாத்தா ஃபிராங்ஃபர்ட் தாண்டி ஏ45ல நேரா மேல ஏறிடலாம்னு தோணும், அந்த ரோட்டுல லூடன்ஷைட் பக்கத்துல ராமடே பாலம் 2021 டிசம்பர்லயே மூடி, 2023 மே மாசம் வெடி வச்சு தகர்த்துட்டாங்க, புது பாலம் அப்ப வரல. அதனால எல்லா வண்டியும் கொலோன் வழி, ரோட்டு வேலையும் அந்த கொலோன் வழிலதான் நடந்துச்சு. மதியமே கிளம்புனவங்க 8 மணிக்கு பார்க்கிங்ல நுழைஞ்சாங்க. நானும் பெர்லின்காரனும் ஹாம்ல இருந்து ஆர்இ3ல நிதானமா வந்து டிராம்ல தொத்திக்கிட்டு அவங்களுக்கு முன்னாடியே உள்ள இருந்தோம்.

மேட்ச் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷத்துலயே குவரட்ஸ்கெலியா கோல், அப்புறம் பெனால்டில மிகாவுடாட்ஸே, 2–0, ஜார்ஜியா நாக்அவுட்டுக்கு போயிடுச்சு, ஜார்ஜியாக்காரங்க அழுத அழுகைல எங்களுக்கும் கண்ணு கலங்குச்சு. யாரும் சீக்கிரம் கிளம்பல. கார்க்காரங்க பார்க்கிங்ல இருந்து ரோட்டுக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல, ஷ்டுட்கார்ட் போய் சேரும்போது விடிஞ்சிருச்சு, ஓட்டுன மலையாளி ஒரு பீர் கூட குடிக்கல, 9 மணிக்கு மீட்டிங். நாங்க டிராமுக்கு நின்னோம், நெரிசல்தான், டோர்ட்முண்ட்ல மாறி நடுராத்திரி தாண்டி ஹாம் போய் படுத்தோம். மறுநாள் காலைல நான் ஐசிஇ எடுத்தேன், 29.90, சீட் ரிசர்வ் பண்ணி. ஒரு நாள் லீவு போச்சு.

அதனால என் ஓட்டு இதுதான்: தூரத்துக்கு ஐசிஇ, மேற்குல இறங்குனதும் லோக்கல் ரயில், ராத்திரி மேட்ச்சுக்கு பக்கத்துல ஒரு படுக்கை. மாமா இல்லாதவங்க எஸ்ஸன்லயோ ஹாம்லயோ ரூம் பாருங்க, மேட்ச் நடக்காத ஊரு, ரயில் நிறைய. ரூம்மேட் ஒத்துக்க மாட்டேங்கறான், நாலு பேர் சேந்தா கார்தான் சீப், கணக்கு எழுதி காட்டறேன்னு ஒரு மாசம் குரூப்ல எக்செல் ஷீட் போட்டு ஓட்டிட்டு இருந்தான். அப்புறம் ஆகஸ்ட்ல ஒரு லெட்டர் வந்துச்சு, விடிகாலைல எங்கயோ ஸ்பீட் கேமரா புடிச்சிருக்கு, 60 யூரோ, அதுக்கு மேல கார் வாடகைக்கு விட்டவங்களோட பிராசஸிங் சார்ஜ். அதை நாலா பிரிக்கணும்ங்கறான் மலையாளி, ஓட்டுனவன்தான் கட்டணும்ங்கறாங்க மத்த மூணு பேரும், எக்செல் ஷீட்ல அந்த வரி இன்னும் காலியாவே இருக்கு.