‘எத்தனால் டீசல்’ பேரல் இறக்குகிறவர்கள் ஒரு நிமிஷம் படிக்கவும்

அறுவடை மெஷின், போர்வெல் ரிக், டிப்பர் வைத்திருப்பவர்களைத் தேடி வந்து விற்கும், ஆல்கஹால் கலந்த டீசல் இது. 200 லிட்டர் பேரல், பங்க் விலையை விட லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு, வண்டி நிற்கும் இடத்திலேயே இறக்கித் தருவார்கள். சந்தேகம் கேட்டால் போனை எடுத்து, 2023 மார்ச்சில் பெங்களூரில் எம்டி15 என்ற மெத்தனால் கலந்த டீசலில் ஓடவிட்ட மாநகரப் பஸ்ஸின் வீடியோவைக் காட்டுவார்கள். "கவர்மெண்ட் பஸ்ஸே ஓடுதுண்ணே, உங்க மெஷின் ஓடாதா?"

ஓடும். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. அந்தப் பஸ் சோதனை ஓட்டம். 15 சதவீத மெத்தனாலும் டீசலும் பிரியாமல் பிடித்து வைக்கும் சேர்மானத்தோடு, கம்பெனி ஆட்களின் கண்காணிப்பில் ஓடியது. ஸ்வீடனில் ஸ்கேனியா கம்பெனியின் பஸ்கள் 95 சதவீத எத்தனாலில் ஓடியதும் உண்மை. ஆனால் அந்த இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் விகிதம், 28:1; எத்தனால் பற்றுவதற்காகவே அவ்வளவு. நம் டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் 16-லிருந்து 18 வரைதான்.

டெல்டாவில் வாடகைக்கு ஓடிய ஒரு அறுவடை மெஷினில் நடந்தது இது. ரோட்டரி பம்ப் (சுழன்று டீசலை ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பிரித்து அனுப்பும் பம்ப்) வைத்த இன்ஜின். முதல் பேரலில் பெரிய குறை தெரியவில்லை, இழுவை மட்டும் கொஞ்சம் கம்மி. இரண்டாவது பேரல் பாதிக்கு வந்தபோது, மதியம் சூட்டோடு நிறுத்திவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தால் எடுக்கவில்லை. காலையில் வெள்ளைப் புகை, இன்ஜினில் தட்டல். ஃபில்டர் அடைத்தது, மாற்றினார்கள், திரும்ப அடைத்தது. கடைசியில் வயலிலேயே நின்றது. பம்ப்பைப் பிரித்தால் உள்ளே சுழலும் ஹெட்-ரோட்டரில் நீளவாக்கில் கீறல், டீசலைத் தள்ளும் டிரான்ஸ்ஃபர் பம்ப்பின் தகடுகளில் முனை மழுங்கல், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் ஊறிப் பெருத்துப் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருந்தன.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். சூடான இன்ஜின் மேல் லைனில் ஆவி கட்டி டீசலை மறிக்கும். அதன் சீட்டேன் எண் (எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றும் என்பதன் அளவு) 10-ஐ ஒட்டித்தான்; பிஎஸ்-6 டீசலுக்குக் குறைந்தது 51 வேண்டும். பற்றத் தாமதமாகி மொத்தமாக எரிவதால்தான் தட்டலும் புகையும். டாங்க்கின் பழைய கசடை ஆல்கஹால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் கொட்டும். ரோட்டரி பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு ஆயில். அதை நீர்க்க வைத்தால் இரும்போடு இரும்பு உரசும். காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே ஹை பிரஷர் குழாயிலிருந்து டீசல் போவது) என்றால் கதை இன்னும் மோசம். ஹை பிரஷர் பம்ப்பில் உதிரும் பொடி ரெயில், பைப், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போய்விடும். பம்ப்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்ப்பும் சேர்ந்து போகும்.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "உங்க டாங்க்ல தண்ணி இருந்திருக்கும்." இருந்திருக்கும்தான். ஐப்பசி மழையில் திறந்தவெளியில் நிற்கும் எந்த டாங்க்கில் தண்ணீர் இல்லை? வெறும் டீசல் என்றால் அது அடியில் தங்கும், வாட்டர் செப்பரேட்டரில் திறந்துவிடலாம். எத்தனாலோ அந்தத் தண்ணீரைக் குடித்து, டீசலை விட்டுப் பிரிந்து, தண்ணீர் சேரச் சேர அடிக்கு இறங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். மெத்தனால் இன்னும் மோசம், சேர்மானம் இல்லாமல் டீசலோடு சேரவே சேராது.

விலைக் கணக்கும் பொய். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம் டீசலில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். 15 சதவீதம் கலந்தால் வேலை 6 சதவீதம் குறையும். 92 ரூபாய் டீசலுக்கு அது 5 ரூபாய் 50 காசு. தள்ளுபடி 5 ரூபாய்!

டென்சிட்டி (ஒரு லிட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்த்து வாங்குகிறேன் என்பவர்களும் ஏமாறுவார்கள். 830 டென்சிட்டி டீசலில் 10 சதவீதம் எத்தனால் ஊற்றினாலும் 826-க்குத்தான் இறங்கும். வெப்பநிலைக் கணக்கில் சின்னப் பிசகு இருந்தாலே மறைந்துவிடும். தண்ணீர்ச் சோதனைதான் சரி. 100 மில்லி அளவு ஜாரில் 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி சரக்கு. வாயை மூடி நன்றாகக் குலுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீரும் டீசலும் பிரியும் கோடு 20-லேயே நின்றால் ஆல்கஹால் இல்லை. 28-க்கு ஏறினால் உள்ளே சுமார் 10 சதவீதம் ஆல்கஹால். பால் மாதிரி கலங்கிப் பிரியாமலே நின்றால் சேர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், அதையும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? காமன் ரெயில் வண்டியில் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். டாங்க்கை முழுக்க வடித்து, நல்ல டீசலில் அலசி, இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் நின்ற டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், வெள்ளித்தூள் மின்னினால் நேரே பம்ப் பட்டறைதான். டாங்க்கை வடிக்கும்போதே ஒரு லிட்டரை மூடி போட்ட கேனில் பிடித்து, தேதி எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோடு சீல் வையுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். கலப்பட டீசல் விற்பது அத்தியாவசியப் பொருள் சட்டப்படி குற்றம். மாவட்ட வழங்கல் அலுவலரிடமோ குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவிலோ புகார் கொடுக்கலாம். நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம்.

மிச்சப் பேரலை ஷெட்டில் வைக்க வேண்டாம். டீசல் பேரல் பக்கத்தில் வெல்டிங் அடித்த பழக்கத்தில் இதன் பக்கத்திலும் அடித்துவிடுவார்கள். எத்தனால் ஆவி 12-லிருந்து 40 டிகிரி வரை மூடிய பேரலுக்குள் சரியாகப் பற்றும் பதத்தில் நிற்கும், அதாவது நம் ஊரில் வருஷம் பூராவும். உள்ளே இருப்பது மெத்தனாலா எத்தனாலா என்று கண்ணுக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது மெத்தனால்தான். பேரல் மேல் பெரிதாக ‘விஷம்’ என்று எழுதி, பூட்டி, புகார் கொடுக்கும்போதே அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.