க்யூர் உள்ளே, பான்ஷீஸ் வெளியே

2019இல் பிரிட்டிஷ் ராக் குழுவான த க்யூர், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனது. அதற்கான ரசிகர் வாக்கெடுப்பில் நானும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதே காலத்து பிரிட்டிஷ் குழுவான சூசி அண்ட் த பான்ஷீஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று, ஒருவருக்குத்தான் இடம் என்றிருந்தால், என் ஓட்டு பான்ஷீஸுக்கு.

க்யூர் பக்கம் பேச ரொம்ப மெனக்கெட வேண்டாம். 1989இல் ‘டிஸின்டெக்ரேஷன்’ ஆல்பம், அதிலிருந்த ‘லவ்சாங்’ அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம், 2024இல் வந்த புது ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். பான்ஷீஸ் 1996லேயே கடையைச் சாத்திவிட்டார்கள். அமெரிக்காவில் அவர்கள் எட்டிய உயரம் 1991இல் ‘கிஸ் தெம் ஃபார் மீ’ பிடித்த 23ஆம் இடம்தான் (அந்தப் பாட்டில் தபலா வாசித்தவர் தால்வின் சிங்). விற்பனை, ஆயுள் இரண்டிலும் க்யூர்தான். அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் குழுவான பௌஹாஸையும் இந்தப் போட்டியில் இழுப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும், ஆனால் 1983இல் முதல் தடவை கலைந்தபோது அவர்கள் விட்டுப்போனது நான்கே ஆல்பங்கள்.

சரி, விற்பனைதான் அளவுகோல் என்றால் பேச்சு இத்தோடு முடிந்தது. யார் யாருக்கு வழி போட்டுக் கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் கணக்கு மாறுகிறது. இரண்டு குழுவின் முதல் சிங்கிளும் 1978இல் வந்தவை. முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டு ஆக வேண்டும் என்ற ஹால் ஆஃப் ஃபேம் விதிப்படி இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் தகுதி வந்தது.

1979 செப்டம்பரில் பான்ஷீஸ் சுற்றுப்பயணம் போனபோது, முன்னால் வாசிக்கும் துணைக் குழு க்யூர். அபெர்டீனில் கச்சேரிக்குச் சில மணி நேரம் இருக்கையில் பான்ஷீஸின் கிட்டார்காரரும் டிரம்மரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டிரம்ஸுக்கு பட்ஜி வந்தார். கிட்டாருக்கு க்யூரின் ராபர்ட் ஸ்மித். மீதிப் பயணம் முழுக்க ஒவ்வொரு ராத்திரியும் முதலில் தன் குழுவோடு வாசிப்பார். அப்புறம் அதே மேடையில் பான்ஷீஸோடு வாசிப்பார். அந்த இசையின் பலம் தன்னை அசத்தியதை ஸ்மித்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வந்த க்யூர் ஆல்பத்தையும், 1980 முதல் 1982 வரை வந்த மூன்று இருண்ட ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பயணத்துக்கு முன், பின் என்று காதுக்கே தெரியும்.

இன்னொன்று, பான்ஷீஸின் அடுத்த கிட்டார்காரர் ஜான் மெக்கியோக். 1981இல் வந்த ‘ஜூஜூ’வில் ‘ஸ்பெல்பவுண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் ஒவ்வொரு தந்தியாகச் சிதறி ஓடும்; அடியில் அகூஸ்டிக் கிட்டார் விடாமல் விரட்டும்; பட்ஜி டாம் டிரம்களில் உருண்டுகொண்டிருப்பார். சோலோ என்று தனியாக ஒன்று கிடையாது, பாட்டு முழுக்கவே கிட்டார்தான். த ஸ்மித்ஸ் குழுவின் கிட்டார்காரர் ஜானி மார் மெக்கியோக்கைக் கொண்டாடுபவர். ரேடியோஹெட் குழுக்காரர்களும் அப்படியே, அவர்கள் க்யூரோடு அதே 2019இல் உள்ளே போனவர்கள் என்பதுதான் வேடிக்கை.

பான்ஷீஸை எதிர்ப்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. கடைசி ஆல்பங்கள் ஏற்ற இறக்கமானவை. பிரிட்டனில் அவர்களின் ஆகப் பெரிய ஹிட் ‘டியர் ப்ரூடன்ஸ்’, 3ஆம் இடம். அது பீட்டில்ஸ் பாட்டு, கிட்டார் வாசித்தவரோ மறுபடி வந்திருந்த ராபர்ட் ஸ்மித்! இரண்டு குழுவையும் நான் மேடையில் பார்த்ததில்லை என்பதால், நேரடிக் கச்சேரியில் யார் மேல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

புதிதாகக் கேட்பவர் ‘ஜூஜூ’வில் தொடங்கலாம். அது ஒட்டவில்லை என்றால் ‘டிஸின்டெக்ரேஷன்’ போடுங்கள், அது யாரையும் கைவிடாது.