பொது சுகாதாரப் பட்டமா, நர்சிங்கா?

பிளஸ் டூ முடித்த தங்கைக்காக இரண்டையும் அலசிப் பார்த்தேன்.

காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். நர்சிங்கில் வறண்டுபோன நோயாளிக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும் சலைன் ஏற்றவும் கற்பீர்கள். பொது சுகாதாரத்தில் கேள்வியே வேறு: இந்தத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை பேர்? 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் காலராவில் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அது கைகாட்டியது பிராட் தெரு அடிபம்பை. அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். கிருமி எதுவென்று ஊர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நடந்தது இது! புள்ளியியல், நோய்ப்பரவலியல், குடிநீர், கழிவுநீர், சுகாதாரக் கொள்கை என்று பாடங்கள் இந்த வழியில்தான் போகும். கணக்கென்றால் காத தூரம் ஓடுபவர்களுக்குச் சரிவராது.

வேலை என்று வந்தால் நர்சிங்குக்குத்தான் என் ஓட்டு. நான்கு வருடம், நர்சிங் கவுன்சில் பதிவு, எந்த ஊரிலும் ஆஸ்பத்திரி உண்டு. இரவுப் பணி முதுகை ஒடிக்கும், அது தனிக்கதை. பொது சுகாதார இளங்கலையை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், நல்ல இடங்களில் பெரும்பாலும் எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை) கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1939 முதல் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது; ஆனாலும் மாவட்ட சுகாதார அலுவலர் நாற்காலி எம்பிபிஎஸ் படித்தவருக்கே.

நர்சிங் முடித்துவிட்டு இரண்டு வருட எம்பிஎச் சேரலாம். பொது சுகாதாரம் முடித்தவர் வார்டுக்குப் போக நினைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தங்கையோ ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கிவிடுவாள். அவளுக்கு வரைபடமும் எக்செல்லும்தான்.