மரக்குடில் கட்டித் தருகிறேன் என்று வருபவரிடம் முதலில் ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்

இதை எழுதாமல் ஒரு வருடமாக இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். ஒரு படத்தைப் பார்த்து மயங்கி 17 இலட்சத்தைத் தூக்கிக் கொடுத்தேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் போன கிழமை, எனக்கு வட்ஸ்அப்பில் வந்த அதே படம், அதே ஜன்னல், அதே தொங்கு விளக்கு, கனடாவில் இருக்கும் என் சித்தியின் மகளுக்கும் வந்திருக்கிறது. அவளுக்கு யாழ்ப்பாணத்தில், வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரைப் பக்கம் காணி இருக்கிறது. சரி, இனியும் பேசாமல் இருந்தால் பாவம்.

வேலணையில் அம்மா வழியில் வந்த 4 பரப்புக் காணி (கால் ஏக்கர்) எனது. பதினொரு பனை, ஒரு பூவரசு, ஒரு கிணறு, பின்னால் கொஞ்சம் நடந்தால் கடல். சனி ஞாயிறில் போய்ப் படுத்து எழும்ப 16க்கு 12 அடியில் ஒரு மரக்குடில், ஒரு மரமும் தறிக்காமல், அவ்வளவுதான் ஆசை. வடிவமைத்துக் கட்டியும் தருகிறேன் என்று ஒரு தம்பி வந்தார். காணியைச் சுற்றி நடந்தார், பூவரசில் கை வைத்துக் கண்ணை மூடினார், "அக்கா, இந்த மரம் எங்களோடை கதைக்குது" என்றார். அப்போதே நான் ஒழுங்கைக்கு இறங்கியிருக்க வேண்டும்.

ஒன்பது படங்கள் தந்தார். ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டமும் மலையும் தெரிந்தன. வேலணையில் மலை! சிரித்தேன், பிறகு விட்டுவிட்டேன். படம் ஒன்பது இருந்ததே தவிர, அளவு போட்ட வரைபடம் ஒன்றுகூட இல்லை. எந்த மரம், எத்தனை அங்குலக் கனம், தூண் எதன் மேல் நிற்கும், என்ன ஆணி, எதுவும் எழுத்தில் இல்லை. ஒப்பந்தம் என்று தந்த ஒற்றைத் தாளில் "தரமான பதப்படுத்திய பைன் மரம்" என்று இருந்தது, அதோடு சரி. மொத்தம் 26 இலட்சம். 2024 மே மாதம் படத்துக்கும் முற்பணத்துக்குமாக 8 இலட்சம், மரம் இறக்க 9 இலட்சம். இரண்டாவதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை, "அக்காவோடை என்ன கணக்கு" என்றார்.

செப்டெம்பரில் குடில் நின்றது, உண்மையில் வடிவாகத்தான் நின்றது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கலாம் என்று. பார்க்கலாம்தான், ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே நின்றால் அவிந்துபோவோம். தாழ்வாரமே வைக்கவில்லை, கூரை சுவரோடு வெட்டியதுபோல முடிகிறது, படத்தில் அதுதான் அழகு. எங்கள் பழைய வீடுகளில் இறவாரம் ஏன் தலை இடிக்கிற அளவுக்குப் பதிந்திருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை எனக்குச் சொல்லித்தந்தது. வடகிழக்குக் காற்றில் சாரல் பலகை இடுக்கு வழியே நேராக உள்ளே வந்தது, மெத்தை ஊறிவிட்டது, கதவு ஊதி இறுகிவிட்டது, ஆணித் தலைகளில் இருந்து துரு கண்ணீர்மாதிரிச் சுவரில் ஒழுகியிருந்தது. உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் சாதாரண இரும்பாணி அடித்திருக்கிறார்கள். அடிக்க வேண்டியது துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத உருக்கோ.

தொலைபேசியில் சொன்னேன். "மரம் மூச்சு விடுது அக்கா, முதல் மாரி அப்பிடித்தான்" என்றார்.

மாசி மாதம் கூட்டும்போது மூலைத் தூணில் விளக்குமாற்றுக் கட்டை தட்டுப்பட்டது. சத்தம் டொக்கென்று வரவில்லை, மட்டையில் தட்டியதுபோல வந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே மண்ணும் கறையானும்.

ஊரில் இருக்கும் வயதான ஓடாவி (தச்சர்) ஐயாவைக் கூட்டிவந்தேன். அவர் தூணைப் பார்க்கவே இல்லை. மிச்சமாகக் கிடந்த பலகை ஒன்றை எடுத்து, நடுவில் வாளால் அறுத்து, அறுத்த முகத்தை என்னிடம் நீட்டினார். மேலே பச்சை, கீறல் கனத்துக்கு. உள்ளே முழுக்க வெள்ளை. "பிள்ளை, இது மருந்து குடிச்ச மரமில்லை, சாயம் பூசின மரம்."

விசயம் இதுதான். பைன் மரத்தை முறையாகப் பதப்படுத்துவது என்றால் மூடிய உருளைத் தொட்டியில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தத்தில் மருந்தை உள்ளே ஏற்றுவார்கள். செம்பு கலந்த மருந்து என்பதால் இளம்பச்சை தெரியும். நடு வைரம் அவ்வளவாகக் குடிக்காது, ஆனால் சுற்றியுள்ள வெண்பாகம் ஆழமாகக் குடித்திருக்கும், அறுத்தால் தெரிந்துவிடும். எனக்கு வந்ததில் தூரிகையால் பூசியிருந்தார்கள். அதற்கும் மேலே, தூண்களை நேரே மண்ணுக்குள் இரண்டடி புதைத்திருந்தார்கள், "கொங்கிறீட் இல்லாமல், நிலத்தைக் காயப்படுத்தாமல்" என்று. நான்தான் கொங்கிறீட் வேண்டாம் என்று சொன்னேன், அந்தப் பிழை என்னுடையது. ஆனால் தூணுக்குத் தூண் ஒரு சின்னக் கொங்கிறீட் கட்டை, நிலத்துக்கு மேலே ஓர் அடி எழுப்பி, இடையில் இரும்புத் தட்டு வைத்தால், கறையான் ஏறினாலும் வெளியே மண்கோடு தெரியும் என்று சொல்வது அவருடைய வேலையல்லவா?

அனுமதிக் கதை வேறு. "மரவீடு தற்காலிகம் அக்கா, ஒருத்தரும் கேட்கமாட்டினம்" என்றார். பொய். பிரதேச சபை கட்டட அனுமதி கேட்கும். கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து (நீரேற்றத்தில் கடல் வந்து தொடும் கோடு) 300 மீற்றருக்குள் என்றால், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். என் காணி அதற்குள்தான் வருகிறது. கழிப்பறைக் குழியைக் கிணற்றிலிருந்து இருபதடியில் வெட்டச் சொன்னதைக் கேட்டு, வேலைக்கு வந்த மேசனே மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனார். சுண்ணாம்புக்கல் நிலம், இங்கே போவது அங்கே ஊறும், இது ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது அந்தத் தம்பியின் இலக்கம் வேலை செய்யவில்லை. பொலிசுக்குப் போனேன், ஒற்றைத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிவில் வழக்குப் போடுங்கள் என்றார்கள். சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, "மரத்தின் பெயரும் பதப்படுத்தும் முறையும் எங்கே எழுதியிருக்கு?"

மரத்தில் எனக்குக் கோபம் இல்லை. தாத்தாவின் வீட்டுக் கூரையில் பனஞ்சிலாகை இன்னும் கல்மாதிரி நிற்கிறது. மரவீடு கட்டுங்கள். ஆனால் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், அளவும் மரமும் ஆணியும் எழுதிய வரைபடத்துக்குக் கொடுங்கள். மரம் வந்து இறங்கியதும், லொறிக்காரர் நிற்கும்போதே, நீங்கள் காட்டும் பலகையை அறுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த லொறியிலேயே திரும்பட்டும். கட்டித் தருபவர் முன்பு கட்டிய குடில் ஒன்றை மாரி முடிந்த பிறகு போய்ப் பாருங்கள், நான் கேட்டபோது அந்தத் தம்பி எனக்கும் படம்தான் காட்டினார்.

ஓடாவி ஐயா கண்ணாடியையும் கூரைத் தகரத்தையும் கழற்றிக் காப்பாற்றினார், மிச்சம் ஒன்றுக்கும் உதவவில்லை, மருந்தும் சாயமும் பட்டது என்று எரிக்கவும் விடவில்லை. அறுத்த அந்தத் துண்டை மட்டும் வைத்திருக்கிறேன். அது கிணற்றுக்கட்டில் இருக்கிறது. அந்த மலைப் படம் யாருக்காவது வந்திருந்தால் காசு கொடுக்க முதல் வேலணைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.