நினைவு நாளுக்குப் புத்தகப் பெட்டியா, வாசிப்பு வட்டத்துக்கு வருடக் காசா?

இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, அவர் நினைவாக வெளியிடும் கல்வெட்டு என்ற சிறு நூலும் அச்சாகி வந்தபின் யாழ்ப்பாணத்து வீடுகளில் அடுத்து எழும் பேச்சு இது: "அம்மான்ர பேரில வாசிகசாலைக்கு ஏதாவது செய்வம்." ரொறன்ரோவில் இருக்கிற மகன் புத்தகம் அனுப்பலாம் என்பார். ஊரில் இருக்கிற மகள் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்துக் கொடுக்கலாம் என்பார். வருடா வருடம் கொஞ்சக் காசு கொடுத்து, பிள்ளைகளைக் கூட்டி வாசிக்கவைக்கலாம் என்பது பெரும்பாலும் கடைசியாக வரும் யோசனை. நான் தெரிந்தெடுத்தது அந்தக் கடைசி யோசனையைத்தான். கீழே உள்ளதை அந்தச் சாய்வு தெரிந்தே வாசியுங்கள்.

அலுமாரியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு வரும், திறப்பு செயலாளரிடம் போகும், செயலாளர் வேலைக்குப் போனால் அலுமாரி பூட்டியே கிடக்கும். றாக்கைதான் தேவை என்று நூலகரே கேட்டால் கதவில்லாத இரும்பு றாக்கை கொடுங்கள். அடித்தட்டு நிலத்திலிருந்து 6 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும், பின்பக்கம் சுவரிலிருந்து 2 அங்குலம் விலகியிருக்கட்டும். கறையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறும். கடற்கரைப் பக்கத்து ஊரென்றால் துருப்பிடிக்காத பூச்சு அடித்த றாக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான போட்டி புத்தகப் பெட்டிக்கும் வருடக் காசுக்கும் இடையில்தான்.

புத்தகம் கொடுப்பதில் உள்ள மனநிறைவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பை அறிந்த ஒரு சமூகம் புத்தகத்தைப் பெட்டி பெட்டியாக அனுப்ப நினைப்பது இயல்பு. ஆனால் புத்தகம் வந்து இறங்கியபின் நூலகத்துக்குள் நடப்பது கொடுப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு புத்தகம் றாக்கைக்குப் போகுமுன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பதிவேட்டில் ஏற்றி இலக்கமிட வேண்டும், தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஒரு குறித்த பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தூயி தசமப் பகுப்பில் எண் கொடுக்க வேண்டும். தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு 894.811 இன் கீழ்ப் போகும், அதற்கு யோசனை வேண்டாம். ஒரு கோயில் வரலாற்று மலரையோ பாடசாலை மலரையோ எங்கே வைப்பது என்பதற்குக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். பிறகு பட்டியலில் ஏற்றல், முதுகில் எண் ஒட்டல், திகதித் தாள் ஒட்டல், உறை போடல். கைப்பழக்கம் உள்ளவருக்கே புத்தகமொன்றுக்கு 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். 300 புத்தகத்துக்குச் சராசரி 25 நிமிடம் போட்டால் 125 மணித்தியாலம். வாசகரைக் கவனித்துக்கொண்டு நாளுக்கு 3 மணித்தியாலம் இதற்கு ஒதுக்க முடிந்தாலும் 42 வேலைநாள் ஆகும். ஒருவரோ இருவரோ வேலைசெய்யும் பிரதேச சபை நூலகத்தில் அந்த 3 மணித்தியாலமே பெரிய விடயம். ஆகவே பெட்டி மூலையில் காத்துக் கிடக்கும்.

காத்துக் கிடக்கும்போது மாரி வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சீமெந்து நிலத்தில் வைத்த மட்டைப்பெட்டி அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தை மாதம் பிரித்தால் மேலே இருப்பவை நன்றாக இருக்கும். அடி வரிசைப் புத்தகத்தை எடுத்தால் அட்டை கையோடு வரும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் மண்ணிறப் புள்ளிகள் படர்ந்து, பழைய சாக்கு மணம் அடிக்கும். வழுவழுப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள்தான் முதலில் போகும். அந்தத் தாள் நனைந்து ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது. பூஞ்சணம் பிடித்த ஒன்றை மற்றவற்றோடு வைத்தால் முழு றாக்கைக்கும் பரவும்.

இன்னொரு சிக்கல் கழித்தலில் இருக்கிறது. உள்ளூராட்சி சபை நூலகத்தில் பதிவேட்டில் ஏறிய புத்தகம் சபையின் சொத்து. பயனில்லை என்று நூலகர் தாமாக எறிய முடியாது. வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் காட்டி, அனுமதி பெற்றுத்தான் கழிக்கலாம். அதனால் 1990களின் கணினிப் பாடநூலும், வெளிநாட்டுச் சட்டக் கைந்நூலும், தொகுதி குறைந்த கலைக்களஞ்சியமும் வருடக்கணக்காக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றடி நீளத் தட்டில் சராசரித் தடிப்புள்ள புத்தகம் 35 வரைதான் அடங்கும். ஆறு தட்டு றாக்கையில் 210. யாரும் தொடாத 300 புத்தகம் ஒன்றரை றாக்கையை விழுங்கிவிடும்.

புத்தகந்தான் கொடுப்பேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் நூலகரிடம் தேவைப் பட்டியல் கேளுங்கள். ஒரு தடவையில் 40 புத்தகத்துக்கு மேல் வேண்டாம். பெரும்பகுதி சிறுவர் நூலாகவும், அண்மையில் வெளியானதாகவும், முடிந்தால் யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கியதாகவும் இருக்கட்டும். கொழும்புத் துறைமுகத்தில் பெட்டி விடுவிக்கும் செலவும் அலைச்சலும் மிச்சம். மாநகர சபை நூலகமென்றால் ஆணையாளருக்கும், பிரதேச சபை நூலகமென்றால் செயலாளருக்கும் பட்டியலோடு கடிதம் கொடுத்து, பதில் வந்தபின் கொண்டுபோய்க் கொடுங்கள். பதிவதற்கும் உறை போடுவதற்கும் பொருட்செலவைக் கூடவே கொடுத்தால் உங்கள் புத்தகம் ஒரு மாதத்துக்குள் றாக்கையில் நிற்க வாய்ப்பு உண்டு.

இனி வருடக் காசுக்கு வருவோம். எனக்கு இதைத் தீர்மானித்துத் தந்தது ஒரே ஒரு கேள்வி: இரண்டாம் வருடம் என்ன நடக்கும்? புத்தகம், அலுமாரி, கட்டடம் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் நாளில்தான் ஆட்கள் கூடுகிறார்கள். அதன்பின் கதவு திறப்பதற்கும், பத்திரிகைக் காசு கட்டுவதற்கும், கிழிந்ததை ஒட்டுவதற்கும் ஒருவரும் கொடுப்பதில்லை. ஊர் வாசிப்பு நின்றுபோகும் இடம் அதுதான்.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் தொடக்கத்தையே பாருங்கள். 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் நூல்களை இரவல் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1934 ஆகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகமானது. அன்று இருந்தவை 844 நூல்களும் ஏறக்குறைய 30 பத்திரிகை, சஞ்சிகைகளும். வாடகையும் பத்திரிகைச் சந்தாவும் ஒருநாள் செலவல்ல, திரும்பத் திரும்ப வரும் செலவு. அதைத் தொடர்ந்து தாங்க ஆட்கள் இருந்ததால்தான் அது வளர்ந்தது. 1959 இல் திறந்த பெரிய கட்டடம் அதற்குப் பின்னால் வந்தது.

இன்றைக்கு இந்தக் காசுக்கு மிகப் பொருத்தமான இடம் ஊர்ச் சனசமூக நிலையம். காலையில் உதயன், வலம்புரி பத்திரிகைகள் பார்க்க வயதானவர்கள் வருவார்கள். பின்னேரம் அந்தக் கட்டடம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் வாரம் ஒருமுறை 20 பிள்ளைகளைக் கூட்டி 75 நிமிட வாசிப்பு வட்டம் நடத்த முடியும். முதல் 10 நிமிடம் போனவாரக் கதையைப் பற்றிப் பேச்சு. 25 நிமிடம் பெரியவர் ஒருவர் உரத்து வாசிக்கப் பிள்ளைகள் கேட்பார்கள். 20 நிமிடம் இரண்டு பிள்ளைக்கு ஒரு பிரதி வைத்து மாறி மாறி வாசிப்பு. 15 நிமிடம் எழுத, வரைய, சொல்ல. கடைசி 5 நிமிடம் வீட்டுக்குப் புத்தகம் இரவல். நேரம் போதவில்லையென்றால் எழுதுவதை வெட்டலாம். உரத்து வாசிப்பதை மட்டும் வெட்டக்கூடாது. சொந்தமாக வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை அடுத்த வாரமும் கூட்டிவருவது அதுதான்.

20 பிள்ளைக்கு ஒரே நூலில் 10 பிரதி வேண்டும். வருடத்துக்கு 8 நூல் என்றால் 80 பிரதி. தனி நிலையமொன்றுக்கு இது பாரம். அயலிலுள்ள நான்கு நிலையங்கள் சேர்ந்து ஆளுக்கு 2 நூலை 10 பிரதிப்படி வாங்கி, பெட்டியை மாற்றிக்கொண்டால் நான்குக்கும் 8 நூல் கிடைக்கும். மெல்லிய சிறுவர் நூல் 10 பிரதி சைக்கிள் கரியரில் போகும் பாரந்தான்.

வருடத்துக்கு 52 வாரம் என்று திட்டமிட்டு ஏமாறாதீர்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளில் நாலு வாரம் போகும். மூன்று தவணைப் பரீட்சைக்கும் இரண்டிரண்டாக ஆறு. மாரி மழைக்கு நாலு. பொங்கல், வருடப்பிறப்புக்கு இரண்டு. மிஞ்சுவது 36. கொடுப்பனவையும் 36 அமர்வுக்கே கணக்கிடுங்கள்.

பிழைவரும் இடங்களும் உண்டு. முதலாவது ரியூசன். தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை வரமாட்டார்கள், வரச்சொல்லிப் பெற்றோரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. தரம் 3, 4 இலும் 6, 7 இலும் தொடங்குங்கள். நாளும் நேரமும் குறிக்குமுன் அந்தப் பகுதி ரியூட்டரிகளின் நேர அட்டவணையை விசாரியுங்கள். இரண்டாவது, வட்டம் நடத்துபவர். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதற்கு அருமையாகப் பொருந்துவார்கள், ஆனால் அனுமதி வந்ததும் போய்விடுவார்கள். ஆகவே எப்போதும் இருவரை வையுங்கள், ஒருவர் மற்றவரைவிட ஒரு வருடம் இளையவராக. கொடுப்பனவில்லாத் தொண்டு இரண்டு, மூன்று மாதத்தில் களைத்துவிடும். போக்குவரத்துக் காசாவது அமர்வுக்கமர்வு கையில் போகவேண்டும்.

நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது: 100 ரூபாயில் 45 நடத்துபவர்களுக்கு, 25 புத்தகத்துக்கு, 15 பத்திரிகைக்கும் சஞ்சிகைக்கும், 8 உறை, பசை, திருத்தத்துக்கு, 7 கையிருப்பு. நடத்துபவர் பங்கு 45 என்றவுடன் பலருக்கு மனம் ஒப்பாது, "புத்தகத்துக்கெல்லோ குடுத்தனாங்கள்" என்பார்கள். அந்தப் பங்கைக் குறைத்தால் புத்தகம் மறுபடியும் பெட்டிக்குள்தான் போகும்.

காசை எப்படி வைப்பது? வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு வட்டியில் நடத்துவது பழைய வழி, கேட்க நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டி ஏறி, 2024 இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் சாதாரணமாக 10 வீதம் வரியாகவும் பிடிக்கப்படுகிறது. இறங்கிய வட்டியில் ஏறிய விலைக்குப் புத்தகம் வாங்கவேண்டிய நிலை வரும். அதனால் ஐந்து வருடத்துக்கு ஐந்து தவணையாகக் கொடுப்பதையே விரும்புகிறேன். ஒவ்வொரு தவணையும் போன வருடக் கணக்கைப் பார்த்தபின் போகட்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவருக்கு இது இன்னும் வசதி, ரூபாய் சரிந்தாலும் அவர் கையிலுள்ள நாணயம் ஈடுகொடுக்கும். ஐந்து வருடத்துக்குப் பின் ஊரே இதைத் தாங்குமா என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை. அந்தளவுக்கு நீண்ட அனுபவம் இன்னும் போதாது.

கணக்கு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. சனசமூக நிலையக் கணக்கில் வழமையாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூவரில் இருவர் கையொப்பம் வேண்டும். பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறி, கையொப்ப மாற்றம் வங்கிக்குப் போகத் தாமதித்தால் காசு மாதக்கணக்கில் முடங்கும். தவணையைப் பொதுக்கூட்டத்துக்கு முன் அனுப்பாதீர்கள், புதிய கையொப்பம் பதிந்தபின் அனுப்புங்கள். அறிக்கையாக மூன்று எண் போதும்: எத்தனை அமர்வு நடந்தது, சராசரி வரவு எத்தனை, எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போனது. வரவுப் பதிவேட்டுப் பக்கத்தை மாதமொருமுறை வட்ஸ்அப்பில் படமாகக் கேளுங்கள். மேடைப் படமும் பொன்னாடைப் படமும் வட்டம் நடந்ததைக் காட்டமாட்டா.

வீட்டில் பழைய ஊர் வரலாறு, பாடசாலை மலர், 50 வருடத்துக்கு முந்திய கல்வெட்டு ஏதும் இருந்தால் அது தனிக் கதை. அதை எந்தப் பெட்டிக்குள்ளும் போடவேண்டாம். பழைய தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும், 2005 இலிருந்து இயங்கும் 'நூலகம்' நிறுவனத்திடம் மின்வருடலுக்குக் கொடுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி என்ற நிலை எங்கே கொண்டுபோய் விட்டதென்பது நமக்குத் தெரியும். ஆனால் மின்வருடல் ஆவணத்தைக் காக்கும் வேலை, தரம் 3 பிள்ளையை வாசிக்கவைப்பது வேறு வேலை. ஒன்றுக்குக் கொடுத்த காசை மற்றதன் கணக்கில் எழுதக்கூடாது.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும், அம்மாவின் பெயர் நிலைக்கவேண்டும் என்ற ஆசை நியாயமானது. அலுமாரியில் பெரிய எழுத்தில் எழுதுவதற்குப் பதிலாக இறப்பர் முத்திரை ஒன்று செய்வியுங்கள். இரண்டங்குல அகலம், பெயர், ஊர், "ஞாபகார்த்தமாக" என்ற சொல். வாங்கும் ஒவ்வொரு பிரதியிலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் குத்தச் சொல்லுங்கள். மை காயுமுன் புத்தகத்தை மூடினால் எதிர்ப் பக்கத்திலும் பதியும், நடுவில் ஒரு துண்டுத் தாள் வைக்கச் சொல்லிவிடுங்கள்.